மலைப்பக்கத்து கேட்

"கையுறையை உள்ள கொண்டு போ அத்தை."

லோசா பெட்டியில் கிடந்த தம்பி செமிசியின் வெள்ளைச் சட்டைக்குக் கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டாள். மெலே அத்தை போகவில்லை. அவள் கையில் தேவாலயப் பாடகர்கள் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கையுறைகள் இருந்தன.

"கையைப் பாருடி. நாரா கிழிஞ்சு கெடக்கு. ஊரே பாக்க வருது."

"பாக்கட்டும்."

செமிசியின் இரண்டு உள்ளங்கைகளையும் முள்கம்பி உழுதிருந்தது. லோசா அவற்றை மார்பின் மேல் வைத்தாள், உள்ளங்கை மேலே தெரியும்படி.

முந்தாநாள் பள்ளி நடக்கும்போதே மலையில் கொட்டிய மழையில் ஓடை கரையை உடைத்தது. முன்வாசல் முழுகிவிட்டது. பின்னால், மலைப்பக்கத்து கேட்டில் சங்கிலியும் பூட்டும். பள்ளிக் கமிட்டி போட்ட சேம்புத் தோட்டத்தைப் பன்றிகள் கிளறுகின்றன என்று போட்ட பூட்டு. சாவி தலைமையாசிரியர் விலியாமுவின் பையில். அவர் தலைநகர் அப்பியாவுக்குப் பெயின்ட் வாங்கப் போயிருந்தார். அங்கே வாத்தியாராக இருந்த செமிசி கேட்டின் மேல் ஓடிய முள்கம்பியில் தன் நீலச் சட்டையைக் கழற்றிப் போட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி அந்தப்பக்கம் விட்டான். கடைசிப் பிள்ளை போகும்போது தண்ணீர் அவன் கழுத்துக்கு வந்துவிட்டதாம். அவனைத் தூக்கிவிட யாரும் இல்லை.

போன வருஷம் அதிகாரிகள் வந்து வெள்ள ஒத்திகை நடத்தினார்கள். அன்று காலையிலேயே அந்த கேட் திறந்து கிடந்தது. இரண்டு பக்கமும் தென்னங்குருத்துத் தோரணம். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே மலையேறினார்கள். அதிகாரிகள் கைதட்டினார்கள், பன்றிக்கறி சாப்பிட்டார்கள், போனார்கள்.

பிள்ளைகள் படித்ததை மறக்கவில்லை. தண்ணீர் வந்ததும் நேராக அந்த கேட்டுக்குத்தான் ஓடினார்கள்.

"நம்ம ஸ்கூல்ல சேம்புக்கு மட்டுந்தான்க்கா பாதுகாப்புத் திட்டம் இருக்கு" என்று செமிசி ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்திருந்தாள்.

பெரியப்பா தொலோவா உள்ளே வந்தார். குடும்பத்துக்குத் தலைவர். எதையும் மெதுவாகத்தான் சொல்வார்.

"லோசா, வெயில் ஏறுது. விலியாமுவும் கமிட்டியும் மன்னிப்புக் கேட்டுத் தலைமேல பாயோட விடியறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்தாங்க. விலியாமுவுக்குச் சர்க்கரை வேற. விழுந்துட்டார்னா நம்ம வாசல்ல இன்னொரு சாவு."

"விழட்டும்."

"பாதிரியாரும் மன்னிக்கச் சொல்லி அனுப்பிட்டாரும்மா."

"அன்னைக்குத் தோரணத்துக்கு நடுவுல நின்னு ஜெபம் பண்ணாரே, அந்தப் பாதிரியாரா?"

பெரியப்பா செமிசியின் கைகளைப் பார்த்தார். பார்வையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நாம பாயை எடுத்தா மன்னிச்சாச்சு, அதோட முடிஞ்சுது. பகை இல்ல, கேஸ் இல்ல. எடுக்க வேண்டியவன் நான்தான். ஆனா நீ கூடப்பிறந்தவ. உன் வாயால சரின்னு வராம என் கை எழும்பாது."

லோசா வாசலுக்கு வந்தாள்.

புல்தரையில் விலியாமு மண்டியிட்டிருந்தார். அவர் தலைமேல் அவர் குடும்பத்திலேயே பழைய, பட்டுப்போல மெல்லிய தாழம்பாய். வெளியே தெரிந்தது இரண்டு வெறுங்கால்கள் மட்டும். பின்னால் கமிட்டிக்காரர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஜனங்கள் வேலியோரம் நின்றார்கள்.

அவள் பாய்க்கு எதிரே குந்தினாள்.

"சாவி எங்க, சார்?"

பாய் அசைந்தது. "லோசா... நான் என்ன சொல்லி உன்கிட்ட..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். சாவி."

பாயின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. விரல்கள் பிரிந்தன. இத்தனை நேரமும் கையிலேயே வைத்திருந்தார் போலும், சாவி சூடாக இருந்தது.

"கேட்டை இன்னும் தொறக்கலையா?"

பாய்க்குள் தலை இன்னும் தாழ்ந்தது.

"முந்தாநாள்ல இருந்து பூட்டியேவா கெடக்கு?"

பின்வரிசையிலிருந்து கமிட்டிக்காரர் ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இல்லம்மா... பன்னிங்க வந்துரும்னு..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைக் கிள்ளியது லோசாவுக்குத் தெரிந்தது.

அவள் எழுந்தாள். பெரியப்பா படியில் நின்றிருந்தார்.

"நான் வர்ற வரைக்கும் பாயைத் தொடாதீங்க பெரியப்பா."

"எங்கம்மா போற? பெட்டியை மூடற நேரம்..."

"மூடாதீங்க. அவனுக்கு இன்னும் ஸ்கூல் வேலை பாக்கி இருக்கு."

பள்ளி மைதானத்தில் சேறு கணுக்காலை விழுங்கியது. பெஞ்சுகள் கவிழ்ந்து கிடந்தன. புதுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை அவள் தோளுக்கு மேலே இருந்தது. சேம்புத் தோட்டத்தில் மட்டும், முழுகி எழுந்த பிறகும், ஓர் இலை கூட மடியவில்லை.

கேட்டின் முள்கம்பியில் நீலத்துணி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. பூட்டைத் திறந்தாள். சங்கிலியை உருவி ஓடைப் பக்கம் வீசினாள். பிறகு கேட்டை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, கீலிலிருந்து தூக்கினாள். முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை பிடுங்கிக்கொண்டு வந்து சேற்றில் விழுந்தது. அவள் உள்ளங்கையிலும் முள் ஏறியிருந்தது.

அங்கிருந்து பார்த்தால் வீட்டு வாசல் தெரியும். வெயிலில் பாய் பளபளத்தது. யாரும் அதைத் தொடவில்லை.

புதரிலிருந்து ஒரு தாய்ப்பன்றி வந்தது. திறந்த வழியில் நின்று மூக்கைத் தூக்கி அவளைப் பார்த்தது. பிறகு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, அவள் காலை உரசியபடி, சேம்புக்குள் போனது.

பன்றிகளை விரட்டாமல், வீட்டு வாசலைப் பார்த்தபடி, லோசா விழுந்த கேட்டின் மேல் உட்கார்ந்தாள்.