புதுசா வந்த ஆள்

எஞ்சின் மூடியின் கடைசித் துளையில் அவன் ரப்பர் அடைப்பானை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தபோது மைதானக்காரர் பட்டறைக்குள் வந்தார். கையில் இன்னொரு மூடி. போன மாதம் இங்கே பவுடர் கோட்டிங், அதாவது பெயிண்ட் தூளைத் தூவி அடுப்பில் சுட்டெடுக்கும் பூச்சு, போட்டு வாங்கிப்போனது. ஊருக்கு வெளியே மணல்மேட்டில் ஏடிவி எனப்படும் நாலு சக்கர பைக்குகளை வாடகைக்கு விடுகிறவர் அவர். பட்டறைக்கு வரும் வேலையில் பாதி அவருடையது.

"என்னங்க வேலை இது?" மூடியை மேஜைமேல் டங்கென்று வைத்தார். "பார்க்க மினுமினுன்னு இருக்கு. மாட்டி ஓட்டினா ஆயிலா ஒழுகுது."

அவன் திருப்பிப் பார்த்தான். எஞ்சினோடு ஒட்டி உட்கார வேண்டிய விளிம்பில் பவுடர் ஏறி, சூட்டில் உருகி, தோல் மாதிரிப் பிடித்திருந்தது. பூசுவதற்கு முன்னால் அந்த விளிம்பில் டேப் ஒட்டியிருக்க வேண்டும். பிசுக்கைக் கழுவுவதும், பழைய பெயிண்டை மணல் பீச்சி எடுப்பதும் அண்ணன் பார்த்துக்கொள்வார். அடைப்பான் வைப்பதும் டேப் ஒட்டுவதும் அவன் வேலை. அதில் வேறு யாரையும் அவன் கைவைக்க விட்டதில்லை.

"யாரு பார்த்த வேலை?"

"புதுசா ஒரு ஆளைச் சேர்த்தேன் சார். விளிம்புல டேப் ஒட்டாம விட்டிருக்காரு." யோசிப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது. "கண்ணு வேற சரியாத் தெரியாது. பாவம்னு வச்சேன்."

அவன் கை மூலையைக் காட்டியது. அங்கே மணல் பீச்சும் பெட்டிக்குள் முழங்கை வரை விட்டபடி அண்ணன் நின்றிருந்தார். கம்ப்ரஸர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஒரு சொல் விடாமல் காதில் விழுந்திருக்கும். பார்வை மங்கி பஸ் ஓட்டுவதை விட்டபின், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தம்பி பட்டறைக்கு வந்தவர். பஸ்ஸில் ஏறினவர்களை இறங்கும்வரை சிரிக்க வைத்தவர் என்று பெயர்.

"ஏம்ப்பா, உன்னால என் வண்டியெல்லாம் நிக்குது," என்றார் மைதானக்காரர்.

அண்ணன் கைகளை உருவிக்கொண்டார். தம்பியைப் பார்த்தார். பிறகு மைதானக்காரரைப் பார்த்து, "தப்புதாங்க. இனிமே பார்த்துச் செய்யறேன்," என்றார். மறுபடி தம்பி பக்கம் திரும்பினார். "மன்னிச்சிருங்க முதலாளி."

மைதானக்காரர் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவன் அண்ணனின் திட்டுக்காகக் காத்திருந்தான். சின்ன வயதில் வாங்கின மாதிரி முதுகில் ஒரு அறை விழுந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அண்ணன் அந்த மூடியைக் கையில் எடுத்தார். "முதலாளி, விளிம்பை மட்டும் சுரண்டினாப் போதுமா, மொத்தமா உரிச்சிரலாமா?"

"சும்மா இருண்ணே. வியாபாரத்துல ஒரு பேச்சு வாய் தவறி வந்துரும்."

"நான் என்னடா சொன்னேன்?" அண்ணன் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. "வேலையைப் பாரு, போ."

சுவர் ஓரத்து மேஜைக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தார். உலோகத்தில் தகடு உரசுகிற அந்தச் சத்தத்தில் அவனுக்குப் பல் கூசியது. இரண்டு தடவை எழுந்து பாதி தூரம் போனான். போய் என்ன சொல்வது? திரும்பிவந்து அடுப்பைத் திறந்து பார்ப்பதுபோல் பார்த்தான். கடைசியில் அந்தச் சத்தம் காதில் விழாமலிருக்கக் கம்ப்ரஸரை இரைச்சலோடு ஓட விட்டான்.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் முழங்கை அசைவது நின்றது. தலை சற்றே சாய்ந்திருந்தது. கோபம் இப்போதுதான் ஏறுகிறது போல என்று நினைத்துக்கொண்டான். தானாக இறங்கட்டும். இருந்த மூடிகளுக்கெல்லாம் டேப் ஒட்டி முடித்தான். விளிம்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தான். அதன்பிறகுதான் எழுந்துபோய், "அண்ணே, சாப்பிடலாமா?" என்று தோளில் கை வைத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மாரடைப்பு என்றார். "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பார்த்திருக்கலாம். பக்கத்துல யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டு முன்னறையில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த குரலில், "உங்களைக் கூப்பிட்டாரா?" என்று கேட்டாள்.

"கம்ப்ரஸர் ஓடிட்டு இருந்துச்சு அண்ணி."

"கடைசியா என்ன பேசினாரு?"

"வேலையைப் பாருன்னாரு."

அண்ணி தலையை ஆட்டினாள். "அவரு அப்படித்தான் சொல்வாரு," என்றாள்.

அப்போது வாசலில் மைதானக்காரர் செருப்பைக் கழற்றுவது தெரிந்தது. பட்டறை பூட்டியிருந்ததால் பக்கத்துக் கடையில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். நேரே அவனிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பட்டறையில வேலை பார்த்தவரு தவறிட்டாருன்னு சொன்னாங்க. நேத்து நான் வேற அப்படிப் பேசிட்டேன். புதுசா வந்தவரு, தெரியாமத்தானே டேப்பை விட்டிருப்பாரு. ராத்திரியெல்லாம் மனசே கேக்கலைங்க. இவருக்குச் சொந்தக்காரங்க இதுல யாருங்க?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் டேப் தொடுவதே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தம்பி தன்னைத் தொட விடுவதில்லை என்று அவளிடம் எத்தனையோ நாள் குறைபோலச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"என் அண்ணன் சார்," என்றான் அவன். "கூடப் பிறந்த அண்ணன். டேப்பை விட்டது நான்."

மைதானக்காரரின் பிடி தளர்ந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

அண்ணிதான் எழுந்தாள். சுவர் ஓரத்தில் காலியாக இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க," என்றாள் அவரிடம். "பாக்க வந்தீங்களே, அதுவே பெரிசு." திரும்பிப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து, உடலில் போர்த்தியிருந்த துணியின் மடிப்பை நீவிவிட்டாள். அவன் பக்கம் பார்க்கவில்லை.

அவன் வாசலுக்கு வந்து நிலையோரமாக நின்றுகொண்டான். பஸ் டிப்போவிலிருந்து அண்ணனோடு வேலை பார்த்தவர்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். யாருக்கும் அவனைத் தெரியவில்லை. முன்னால் வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உக்கார இடமில்லை போல. நாலு சேர் எடுத்துப் போடுப்பா," என்றார்.

தெருமுனையில் வாடகைக்கு வந்த நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. அவன் போய் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, துடைத்து, தூக்கிவர ஆரம்பித்தான்.