சுவிட்ச் போடாமல் எரிந்த விளக்கு

வாளி நீலமா பச்சையா என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை. அது போகட்டும். நான் டார்ச்சைத் திறப்பதற்கு முன்பே அக்கா வந்துவிட்டாளா, திறந்த பிறகுதான் வந்தாளா என்பதும் குழம்பிவிட்டது. சில நாள் நினைத்துப் பார்க்கும்போது அவள் முதலிலிருந்தே அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். வேறு சில நாள் நான் தனியாகத்தான் இருக்கிறேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்த நேரம் இருக்கிறது, சாத்தாமல் இருக்கிறேன். இரண்டாவதுதான் நடந்தது என்றால் என்னை நானே மன்னிக்க வழியில்லை. அதனால் முதலாவதையே சொல்கிறேன்.

துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் கம்பெனி அது. அக்கா புருஷன் தண்ணீருக்குள் இறங்குகிறவர். நான் கரையில் சாமான் அறைக்குப் பொறுப்பு. காற்று உருளைகள், ரப்பர் உடைகள், கயிறுகள், டார்ச்சுகள் எல்லாம் என் கணக்கில். கப்பலுக்கு அடியில் பகல் கிடையாது. நடுமத்தியானத்தில் இறங்கினாலும் ஐந்தாறு ஆள் உயரத்துக்குக் கீழே தன் கையே தனக்குத் தெரியாது. அதனால் இறங்குகிறவர் இடுப்பில் பெரிய டார்ச் ஒன்றும், அது கைவிட்டால் உதவ மார்பில் சின்னது ஒன்றும் இருக்கும். இரண்டிலும் தண்ணீரை வெளியே நிறுத்தி வைப்பது ஒரு குழந்தையின் வளையல் அளவேயுள்ள ரப்பர் வளையம். அதில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் போதும், ஒரு மணல் துகள் போதும், கடல் உள்ளே வந்துவிடும். வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் தெரியாது. ஆழத்தில் தண்ணீர் நெருக்கும்போதுதான் தெரியும்.

ஆகவே எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் இறங்குகிறாரோ அவர்தான் தன் டார்ச்சைத் திறந்து, வளையத்தைத் துடைத்து, அதற்கென்று உள்ள பசையைக் கடுகளவு தடவி மூடவேண்டும். நான்கூடத் தொடமாட்டேன். "பல்லு வெளக்குறதும் டார்ச்ச மூடுறதும் ஒண்ணு, மாப்ள. நமக்காக இன்னொருத்தன் செய்ய முடியாது" என்பார் அத்தான். தினமும் சாயங்காலம் இரண்டையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு மேசையில் விரித்துக்கொண்டு உட்காருவார். அந்த நேரத்தில் மேசைப் பக்கம் யாரும் இருமக்கூடக் கூடாது. "எனக்கு சக்களத்தி இருக்கா, அதுவும் ரெண்டு பேரு" என்று அக்கா கேலி செய்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் மேலே வரவில்லை. கூட இறங்கிய கொக்குதான் (கால் நீளம் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்) அவரைக் கண்டுபிடித்தான். சுக்கானுக்கும் கப்பல் உடம்புக்கும் நடுவில் பழைய வலை ஒன்று சிக்கியிருந்தது. வெளிச்சம் இருந்தால் கத்தியை எடுத்து நாலு இழை அறுத்துவிட்டு வெளியே வந்திருப்பார். அவரை மேலே கொண்டுவந்தார்கள், டார்ச்சுகள் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தக் கப்பலை நகர்த்திய பிறகு கொக்கு மறுபடி இறங்கித் தேடினான். இறங்கியவன் சீக்கிரமே மேலே வந்து, படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே கிடந்தான்.

"என்னடா?" என்றேன்.

"எரிஞ்சுட்டிருந்துச்சுண்ணே."

"எது?"

"பெரிய டார்ச்சு. சேத்துல கெடந்து எரிஞ்சுது. கொறையுது, கூடுது, கொறையுது. மூச்சு விடுற மாதிரி. சுவிட்ச பாத்தேன், ஆஃப்ல இருக்கு." பையை என்னிடம் நீட்டினான். "நான் இனிமே எறங்கல. என்ன கோழைன்னு சொல்லிக்கோங்க, பரவால்ல."

நான் சொல்லவில்லை. பைக்குள் பெரியது இன்னும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. சின்னது செத்துப்போயிருந்தது. பெரியதன் கண்ணாடிக்குப் பின்னால் பாதி அளவுக்குத் தண்ணீர் ஆடியது.

அதற்குக் காரணம் இருக்கிறது, எனக்குத் தெரியும். உப்புத் தண்ணீர் புகுந்த டார்ச்சில் அந்தத் தண்ணீரே சுவிட்ச் வேலையைப் பார்க்கும். நாம் போட்டால் எரியாது, போடாதபோது எரியும். முதல் முறை இதைப் பார்த்தபோது அத்தானே எனக்கு விளக்கியிருக்கிறார். ஆனால் வேண்டிய நேரத்தில் அணைந்துவிட்டு, மூன்று நாளாக யாருக்காக அது அங்கே எரிந்தது என்று கேட்டால் அந்த விளக்கத்தில் பதில் இல்லை.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். தொடவில்லை. "ஒண்ணுல தண்ணி போனா விபத்து. ரெண்டுலயும் ஒரே நேரத்துல போனா யாரோ ஒருத்தர் கை" என்றார். "மூணு மணிக்கு விசாரணைக்கு ஆள் வருது. அதுக்குள்ள தொறந்து பாத்து எழுதி வை."

தண்ணீர் புகுந்த டார்ச்சை அவசரப்பட்டுத் திறக்கக்கூடாது. உப்புத் தண்ணீரும் பேட்டரியும் சேர்ந்தால் உள்ளே வாயு கட்டும். திருகி முடிக்கும் முன்பே மூடி துப்பாக்கிக் குண்டுபோலத் தெறித்து வரும். முகம் போனவர்கள் உண்டு. முதலில் நல்ல தண்ணீரில் ஊறவிடவேண்டும். பிறகு கெட்டித் துணியில் சுற்றி, மூடியை ஆள் இல்லாத பக்கம் திருப்பிப் பிடித்து, கால் திருகு திருகி நிறுத்தி, வாயு முழுவதும் போகும்வரை காத்திருந்து, மறுபடி கால் திருகு. நான் அறைக்குள் இருந்த குழாயடியில் வாளியை வைத்து இரண்டையும் போட்டேன். பெரியது அடியில் போய்ப் படுத்துக்கொண்டு எரிந்தது. வெயில் நேரம், கதவு திறந்திருக்கிறது, அப்படியும் வாளித் தண்ணீர் முழுவதும் ஒரு மஞ்சள் நிறம் ஏறி இறங்கியது.

அப்போதுதான் அக்கா வந்தாள் என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று நாளாக அவள் அழவில்லை. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கொக்குவைக் கேட்டாள், சூப்பர்வைசரைக் கேட்டாள், ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிய ஆளைக்கூடக் கேட்டாள். இப்போது காற்று உருளைப் பெட்டிமேல் உட்கார்ந்து என்னைக் கேட்டாள்.

"கடைசில அவருக்கு வெளிச்சம் இருந்துச்சாடா?"

நான் வாளியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"எரியுதே!" என்றாள். எழுந்து வந்து வாளிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தண்ணீரின் வெளிச்சம் அவள் தாடையில் ஆடியது. "எரியுதுடா இது. அப்ப அன்னைக்கும் எரிஞ்சிருக்கும்ல?"

"தள்ளி ஒக்காருக்கா. தெறிக்கும்."

அவள் தள்ளி உட்காரவில்லை. நான் டார்ச்சை எடுத்துச் சாக்கில் சுற்றி, சுவரைப் பார்க்கப் பிடித்து, கால் திருகு திருகினேன். சத்தம் வந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ டார்ச்சுகளில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். சைக்கிள் டயரிலிருந்து காற்று போவதுபோல ஒரே சீராக வந்து நிற்கும். இது அப்படி வரவில்லை. நீளமாக வந்தது, நின்றது, பிறகு கொஞ்சம் வந்தது. அக்கா கையை நீட்டி அந்தக் காற்றில் விரல்களை வைத்தாள். நான் தடுக்கவில்லை. அறையில் அழுகின முட்டை நாற்றம் பரவியது, அது வழக்கமானது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது.

கிராம்பு.

எங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் அந்த வாசனை. ஒற்றைத் தலைவலிக்காக அக்கா கிராம்பு போட்டுக் காய்ச்சித் தலைக்குத் தேய்த்துக்கொள்ளும் எண்ணெய். அவள் ஒரு அறையிலிருந்து எழுந்து போன பிறகும் வெகுநேரம் இருக்கும். நான் மூடியைக் கழற்றி வளையத்தைப் பார்த்தேன். எண்ணெயில் ஊறிப் பருத்து, மூடும்போது பள்ளத்தைவிட்டுப் பிதுங்கி, ஒரு இடத்தில் நசுங்கியிருந்தது. சின்ன டார்ச்சையும் திறந்தேன். அதே இடத்தில் அதே நசுங்கல். சில ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. கரையில் இருக்கிற எங்கள் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் இருக்கிறவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"என் எண்ணெய்தாண்டா அது" என்றாள் அக்கா. சொல்லும்போது அந்த மூன்று நாளில் முதல்முறையாக அவள் முகம் இளகியது. "வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சல். மேசையிலயே தல வச்சுத் தூங்கிட்டாரு. பசை ட்யூபு காலி, அமுக்கி அமுக்கிப் பாத்தேன், காத்துதான் வந்துச்சு. அதான் நானே ரெண்டுக்கும் எண்ணெயத் தடவி மூடி வச்சேன். அவர் செய்யுற மாதிரியே. முடி ஒட்டாம, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து."

"அத்தான்கிட்ட சொன்னியா?"

"சொன்னா திரும்பத் தொறந்துட்டு ஒக்காருவாரு. பல்லு வெளக்குறதுன்னு ஆரம்பிச்சுருவாரு. காலைல பாத்துட்டு, 'ராத்திரி நானா மூடுனேன்?'னு கேட்டாரு. 'வேற யாரு, என் சக்களத்தியா?'ன்னேன். சிரிச்சுட்டுப் போனாரு."

புது ட்யூப் என் வேலைச் சட்டையின் பையிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமையே அத்தான் கேட்டிருந்தார். அலமாரியிலிருந்து எடுத்தேன், பையில் போட்டேன், கொடுக்க மறந்தேன். புதன், வியாழன் இரண்டு நாளும் அவரோடு உட்கார்ந்து டீ குடித்தேன். அவர் ஞாபகப்படுத்தவில்லை, நான் நினைக்கவில்லை. அந்த ட்யூபின் மூடி இப்போது என் மார்பில் குத்தியது.

"எண்ணெய் போட்டது நல்லதுதானடா?" என்று கேட்டாள். "வழுக்கிட்டு நல்லா இறுக்கமா மூடிச்சு. நல்லதுதானே?"

வெளியே ஏதோ ஒரு படகின் இயந்திரம் நின்றது. அது நின்ற பிறகுதான் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் காய்ச்சல் பார்க்கும் கருவியை அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போது நாங்கள் இருவரும் அம்மாவை அப்படித்தான் பார்ப்போம்.

"நல்லதுதான்க்கா" என்றேன்.

"அப்ப வெளிச்சம் இருந்துச்சு?"

"இருந்துச்சு."

பேட்டரிகளை அதற்கு முன்பே வெளியே எடுத்துத் தரையில் வைத்துவிட்டிருந்தேன். அப்படித்தான் எனக்கு ஞாபகம். ஆனால் நான் 'இருந்துச்சு' என்று சொல்லும்வரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சொன்ன பிறகுதான் அணைந்தது என்று அன்றைக்கே சொன்னாள் அக்கா. நான் விளக்கைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரி எடுத்த பிறகும் ஒரு நொடி, இரண்டு நொடி எரியக்கூடிய டார்ச்சுகள் உண்டு. எங்கள் பேச்சு அத்தனை நேரம் நீண்டதா, அதைவிடக் குறைவா என்று எத்தனையோ முறை தனியாகப் பேசிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு வருகிறது.

மூன்று மணிக்கு வந்தவரிடம், வளையங்களுக்குத் தவறான பசை போட்டு மூடியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். பொய் என்று சொல்லமுடியாது, பாதிதான் பொய். சூப்பர்வைசர் மட்டும் மூடியை மூக்கருகே கொண்டுபோய், என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

அதெல்லாம் முடிந்து ஏழு வருஷமாகிறது. சூப்பர்வைசர் ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார், காது கேட்பதில்லை. கொக்கு சொன்னபடியே பிறகு இறங்கவில்லை. லாரி ஓட்டுகிறான், கல்யாணம் ஆகி இரட்டைப் பெண்கள். கம்பெனி என்னை அனுப்பிவிட்டது. இப்போது வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறேன். சட்டைப் பையில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. அக்கா என்னோடுதான் இருக்கிறாள். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, நன்றாகச் சாப்பிடுகிறாள், பக்கத்து வீட்டாரோடு சிரித்துப் பேசுகிறாள். அந்த டார்ச்சைப் பற்றி என்னிடம் அவள் மறுபடி எதுவும் கேட்டதில்லை. எப்போதாவது கேட்டுவிடுவாள் என்று நான் பேச்சை நீட்டுவதுமில்லை.

நாற்பத்தாறு வயதில் நீச்சல் கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பொது நீச்சல்குளத்துக்குப் போவோம். நான் நனையமாட்டேன், கரைச் சிமெண்டில் அவள் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூட்டம் குறைந்ததும் அவள் ஆழமான பக்கத்துக்குப் போய், ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "எண்ணு" என்பாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு கீழே போவாள். நான் எண்ணுவேன். போன மாதம் நாற்பதில் வந்தாள், போன வாரம் ஐம்பத்திரண்டில். குமிழ்கள் முதலில் கூட்டமாக வரும், பிறகு ஒன்றொன்றாக. பிறகு தண்ணீர் மட்டமாகி, கூரையின் குழல் விளக்குகள் அதில் நேர்க்கோடாகத் தெரியும். நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.