குரல் திரும்பும் வரை

"உப்பு…" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார் அறிவிப்பாளர்.

"கம்மி. தெரியும், போட்டுக்குங்க," என்று டப்பாவை நகர்த்தினாள் மனைவி.

அந்த வீட்டில் எந்தப் பேச்சும் இப்படித்தான். அவர் ஒரு வார்த்தை சொல்லி மூச்சு விடுவதற்குள் மிச்சத்தை அவள் முடித்துவிடுவாள். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் அவர் கேட்காத சட்டை இஸ்திரி ஆகி வந்து நிற்கும். அதையும் பேசாமல் போட்டுக்கொள்வார். அவள் பள்ளி வேன் ஓட்டுபவள். முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கும் தொண்டை. காத்திருக்கும் பொறுமை எங்கிருந்து வரும்? 'மைக்கில் மட்டும் எப்படித்தான் பேசுறாரோ இந்த மனுஷன்' என்பது அவளுடைய முப்பத்தோரு வருட ஆச்சரியம். போட்டி நாளென்றால் வேனுக்கும் ஓட்டம் அதிகம். அதனால் அவர் ஊர் ஸ்டேடியத்தில் போட்டிகளை அறிவித்து அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த ஸ்டேடியத்தைத் திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள். இன்று, ஊருக்கு வெளியே கட்டிய புதியதில் அவருக்குக் குரல் சோதனை. தேறினால் வேலை தொடரும். தேறாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அவளுடைய வேனில் போகிற வழியில், "கொஞ்சம்…" என்றார்.

"நிறுத்தணும். தெரியும்."

பழைய ஸ்டேடியத்தின் கேட் பாதி திறந்து கிடந்தது. நாற்காலிகளை ஏற்கெனவே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒழுகும் கூரை, சாத்த முடியாத கழிப்பறைக் கதவு, ஏழாம் நம்பர் எரியவே எரியாத ஸ்கோர்போர்டு; ஒன்றுக்கும் உதவாத கட்டடம்தான். ஆனாலும் அவர் உள்ளே போய் மைதானத்தின் நடுவில் நின்றார். கையைக் குவித்து, "வரேன்!" என்று கத்தினார்.

எதிர்ப்பக்கத்துக் கூரை ஒரு கணம் யோசித்துவிட்டு, "வரேன்…" என்றது.

மனைவி திடுக்கிட்டாள். "யாருங்க அது?"

"நான்தான்," என்று சிரித்தார். "இங்க ஒரு வார்த்தை சொன்னா… அது திரும்பி வர்ற வரைக்கும்… காத்திருக்கணும். இல்லேன்னா ரெண்டும் முட்டிக்கும்."

"அடப்பாவி மனுஷா! இதுக்குத்தானா வீட்லயும் நிறுத்தி நிறுத்திப் பேசுறீங்க? வார்த்தை கிடைக்காம திண்டாடுறீங்கன்னுல்ல நான் எடுத்துக் குடுத்துட்டிருந்தேன்!"

விழுந்து விழுந்து சிரித்தாள். வேனில் ஏறியதும், "வரேன்…" என்று தானும் ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

புதிய ஸ்டேடியம் பளபளவென்று இருந்தது. சுவர் முழுக்கச் சத்தத்தை விழுங்கும் பஞ்சுப் பலகை. மகன் வயதுள்ள மேலாளர் மைக்கையும், படிக்க ஓர் ஓட்டப்பந்தயப் பட்டியலையும் மரியாதையாகக் கொடுத்தார். மனைவி ஃபிளாஸ்க்கோடு எதிர்ப்பக்கத்துக் கடைசி வரிசைக்கு ஏறிப் போனாள்.

"பெண்கள்…" என்றார். காத்திருந்தார். ஒன்றும் திரும்பி வரவில்லை.

மேலாளர் வயரை ஆட்டிப் பார்த்தார். "சார், மைக் கட்டாகுதா?"

நிறுத்தாமல் பேசிப் பார்த்தார். நாக்கு குழறியது; மூன்றாம் தடத்தில் ஓட வேண்டியவளை நாலாம் தடத்தில் ஓட விட்டார். வியர்த்துக் கொட்டியது.

"பரவால்ல சார், சிரமப்படாதீங்க. இப்பல்லாம் ரெக்கார்டு பண்ண குரலே கிடைக்குது," என்றார் மேலாளர். நல்ல பிள்ளை, ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

"கடைசியா… ஒரு தடவை," என்று மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். "பெண்கள்…"

"பெண்கள்…" என்றது எதிர்ப்பக்கம்.

மேலாளர் அண்ணாந்து பார்த்தார். கடைசி வரிசையில் மனைவி எழுந்து, வாயருகே கைகளைக் குவித்து நின்றிருந்தாள். பள்ளி வேன் தொண்டைக்குப் பஞ்சுப் பலகையெல்லாம் எம்மாத்திரம்!

"நானூறு மீட்டர்…"

"நானூறு மீட்டர்…"

தடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த பெண்கள் ஓட்டத்தை நிறுத்திச் சிரித்தார்கள். அறிவிப்பாளருக்குத் தன் குரல் திரும்பக் கிடைத்துவிட்டது. மேலாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத மறந்து நின்றார்.

"இறுதி…" என்று சொல்லி நிறுத்தினார் அறிவிப்பாளர்.

அடுத்த வார்த்தை 'ஓட்டம்' என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கும். அவள் அதை முடிக்கவில்லை. "இறுதி…" என்று மட்டும் திருப்பிச் சொல்லிவிட்டு, குவித்த கைகளை இறக்காமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.