அங்குட்டு விட்ட கேபிள்

நொறுங்கிப்போன டூரிங் பைக்கைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிவந்து, காரைக்குடி பட்டறை வாசலில் தள்ளினான் சேவுகப்பெருமாள். உள்ளே வந்தவன் முதலில் எடுத்தது டயர் கழற்றும் இரும்பு லிவரை.

"எந்தக் கைடா கேபிளைக் கோத்துச்சு?"

செகண்ட் ஹேண்டாக ஆசையோடு வாங்கிய வண்டி. நேற்று சாக்கோட்டை வளைவில் அவன் தம்பி கதிரவன் ஹேண்டிலைத் திருப்பியதும், ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டு, வண்டி தானாகச் சீறிப் புளியமரத்தில் மோதியது. தம்பிக்கு வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

பட்டறைக்காரர் உடையப்பனுக்கு உடனே புரிந்துவிட்டது. போன வாரம் ஹேண்டில்பாரை மாற்றியபோது வண்டிக்கு இடப்பக்கம் அவர் நின்றார், வலப்பக்கம் கூட்டாளி சுல்தான். ஆக்சிலேட்டர் கேபிளும் பிரேக் கேபிளும் எந்தப் பக்கமாகப் போகணும் என்று சுல்தான் கேட்டான். இவருக்கு ஒரு கையில் டீ, மறு கையில் போன். "ரெண்டையும் அங்குட்டு விடப்பா" என்றார். அவருக்கு அங்குட்டு என்றால் வலப்பக்கம். எதிரே நின்ற சுல்தானுக்கு அது இடப்பக்கம். வேலை முடிந்ததும் இஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இருபக்கமும் முழுசாக ஒடித்து, வேகம் ஏறுதா என்று பார்க்கணும். அதையும் விட்டுவிட்டார், முப்பது வருசத்துப் பெரிய மேஸ்திரி.

"நான்தேன் கோத்தேன்" என்றான் சுல்தான்.

"யாரு சொல்லி?"

சுல்தான் உடையப்பனைப் பார்த்தான். அவர் வாயில் கொழுக்கட்டை.

"யாரும் சொல்லலைண்ணே."

சேவுகப்பெருமாள் அவன் வலது கையை இழுத்து மேசை மேல் அழுத்தி, லிவரை இறக்கினான். எலும்பு நொறுங்கியது வாசல் வரை கேட்டது. சுல்தான் அலறினான். அடுத்த அடியில் ரத்தம் உடையப்பன் சட்டையில் தெறித்தது. பாவி மனுசன் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"விடுப்பா! நான்தேன் அப்படிச் சொன்னேன்!"

"இந்த வாயா சொன்னுச்சு?"

லிவர் வாயிலேயே விழுந்தது. உடையப்பன் உடைந்த பற்களோடு தரையில் சரிந்தார். சேவுகப்பெருமாள் இரும்பை வீசிவிட்டு, "ஓட்டப்பந்தயத்துல ஓடுன காலுடா அது" என்று தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனான்.

சுல்தான் நசுங்கிய கையை நெஞ்சோடு அணைத்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, அன்னைக்கு எந்தப் பக்கத்தைச் சொன்னீக?"

உடையப்பன் ரத்தம் ஒழுகும் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டார். வாசலில் கிடந்த வண்டியின் வலப்பக்கத்தை விரலால் காட்டினார்.

"இதை அன்னைக்கே காட்டியிருக்கலாமேண்ணே" என்றான் சுல்தான்.