கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அண்ணியை வெளியே இழுத்து வந்ததே வாயாடிதான். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். நகர மையத்தில் ஓர் அழகுநிலையத்தில் முடி வெட்டும் வேலை. அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி இந்த நகரத்துக்கு வந்து இவ்வளவு காலமாகியும் சதுக்கத்து ஒளிக்காட்சியைப் பார்த்ததில்லை.

"ஸ்கூல் விட்டா வீடு, வீடு விட்டா ஸ்கூல். ஒரு தடவையாவது என்கூட வாங்க அண்ணி. காட்சிய பாத்துட்டு, சூடா சூப் குடிச்சுட்டு, பாட்டு கேட்டுட்டு வருவோம். புள்ளைய அண்ணன் பாத்துக்கட்டும்" என்று நச்சரித்து, தன் பச்சைச் சட்டையையே அண்ணிக்கு மாட்டிவிட்டுக் கூட்டி வந்தாள்.

இருட்டத் தொடங்கும் நேரம். சதுக்கத்துக்குப் போகும் குறுக்குச் சந்தில் இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள். தலைக்கு மேலே பல்புச் சரங்கள். ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு வந்து காதுக்குள் சண்டை போட்டது.

"இந்தக் கூச்சல்ல எப்படிம்மா சோறு இறங்கும்?"

"கூச்சல்தான் அண்ணி இங்க தொட்டுக்க."

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சந்து நின்றுவிட்டது.

முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்கள் எதிரே வந்தார்கள். அடுத்த காட்சிக்கு ஓடுகிறவர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். வாயாடிக்கு முதலில் எரிச்சல்தான். பிறகு, கால் எடுத்து வைக்காமலே தான் நகர்கிறோம் என்பது உறைத்தது. 

"திரும்பிப் போயிடலாம்" என்றாள் அண்ணி.

திரும்ப இடமில்லை. யாருடைய முழங்கையோ விலாவில் குத்தியது. முன்னால் நின்றவரின் முதுகு வாயாடியின் நெஞ்சின் மேல் பாறாங்கல்லாகச் சாய்ந்தது. மூச்சு வெளியே போனது. திரும்ப உள்ளே வர மறுத்தது. அண்ணியின் கையை மட்டும் உயிரைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள். பின்னாலிருந்து ஒரு தள்ளல் அலைபோல் வந்தது. கை நழுவியது. பச்சைச் சட்டை ஒரு நொடி தெரிந்தது, அப்புறம் இல்லை.

"அண்ணி!" என்று கத்த வாயைத் திறந்தாள். ஊர் வாயை எல்லாம் அடைக்கும் அவளிடமிருந்து காற்றுகூட வரவில்லை.

கூட்டம் அவளை ஒரு ஹோட்டலின் கண்ணாடிக் கதவில் கொண்டுபோய் அப்பியது. கன்னம் கண்ணாடியோடு நசுங்கியது. உள்ளே மேசைகளில் மெழுகுவத்தி எரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தி முள்கரண்டியில் நூடுல்ஸைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே உறைந்து போனாள்.

கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்ற மேனேஜர், இடமில்லை என்று கையை ஆட்டினார். வெளியே ஏதோ அடிதடி என்று நினைத்திருக்க வேண்டும். 'திறங்க' என்று வாயாடி உதட்டை மட்டும் அசைத்தாள். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. இங்கேதான் சாகப்போகிறோம், இவர்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கப்போகிறார்கள் என்று தோன்றியது.

உள்ளேயிருந்து பரிமாறுகிற பெண் ஓடிவந்தாள். மேனேஜர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினாள். கதவு பக்கவாட்டில் உருண்டு திறக்க, வாயாடியும் அவள் பின்னால் இருந்தவர்களும் மூட்டை அவிழ்ந்ததுபோல் தரையில் கொட்டினார்கள்.

"நிக்காதீங்க! கிச்சன் வழியா பின் தெருவுக்குப் போங்க!" என்று அந்தப் பெண் தொண்டை கிழியக் கத்தினாள்.

வாயாடி போகவில்லை. வாசல் தூணை ஒரு கையால் கட்டிக்கொண்டு, மறு கைக்கு அகப்பட்டவர்களை எல்லாம் உள்ளே இழுத்தாள். ஒவ்வொரு முகமும் அண்ணியாக இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. அண்ணனிடம் என்ன சொல்வாள்? அந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி விழிப்பாள்?

போலீஸ் விசில்கள் கேட்டன. கூட்டம் மெல்லக் கரைந்தது. சந்தெல்லாம் ஒற்றைச் செருப்புகள், நசுங்கிய மூக்குக் கண்ணாடிகள். கொஞ்ச தூரத்தில் ஒருத்தி மல்லாந்து கிடந்தாள். பச்சைத் துணி.

வாயாடி சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கிட்டே போய்ப் பார்த்தால் அது யாரோ பெண், பச்சைச் சால்வை. முதலுதவிக்காரர் கன்னத்தில் தட்ட, அவள் இருமிக் கண் திறந்தாள். அண்ணி இல்லை என்ற நிம்மதியும், அப்படி நிம்மதிப்பட்டதற்கான வெட்கமும் வாயாடிக்கு ஒன்றாக வந்தன.

அப்போதுதான் சந்து முனையிலிருந்து அந்தக் குரல். "வாயாடி! ஏய் வாயாடி!" வகுப்பறையில்கூடக் குரல் உயர்த்தாத அண்ணி, விலாவைப் பிடித்துக்கொண்டு, ஐஸ்கிரீம் கடைப் படியில் உட்கார்ந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் விலா எலும்பில் விரிசல் என்றார்கள். அண்ணன் வரும்வரை கட்டிலோரம் வாயாடி அழுதாள். "நான்தான் உங்க கைய விட்டுட்டேன் அண்ணி."

"நீ எங்க விட்ட? நான்தான் விரலைப் பிரிச்சுக்கிட்டேன்" என்றாள் அண்ணி. "கூட்டம் என்னைய அந்தப் பக்கம் இழுக்குது. நீ விடவே மாட்டேங்கற. கொஞ்ச நேரம் போனா ரெண்டு பேரும் கீழ விழுந்திருப்போம்."

 அண்ணன் வந்து கூப்பிட்டபோதும் வாயாடி எழுந்திருக்கவில்லை. அண்ணியின் சட்டை நுனி அவள் கைக்குள் கசங்கிக் கிடந்தது. நர்ஸ் எவ்வளவோ சொல்லியும் விரல்கள் திறக்க மாட்டேன் என்றன.