தலைமாட்டில் ஒரு சிவப்பு விளக்கு

பூசான் துறைமுகத்தின் பின்தெருவில், ஒரு சின்ன அலுவலகத்துக்குள், இன்சோப் ஒரு கருவியைத் தரையில் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். கோபம் ஒன்றுமில்லை, அடி தாங்குமா என்று சோதிப்பதுதான் அவன் வேலை. குளிரில் கெட்டுப்போகும் மருந்து, பழம் போன்ற சரக்கோடு பெட்டிக்குள் பயணம் போகிற கருவி அது. குளிர் எல்லை மீறினால் சிவப்பு விளக்கு மினுங்கும், இல்லாவிட்டால் பச்சை. எங்கே இருந்தாலும் அங்குள்ள வெப்பநிலை இன்சோப்பின் திரைக்கு வந்துவிடும். தடித்த கையுறை போட்டவரும் அழுத்தும்படி ஒரே ஒரு பெரிய பொத்தான்.

"அடிச்சது போதும், நிஜமா ஒரு பயணம் அனுப்பிப் பாருங்க" என்றாள் கூட வேலை செய்யும் மிரான். "உங்கம்மாவோட கிம்ச்சி டப்பாக்கள் காலியா மாசக்கணக்கா இங்கேயே கிடக்குதே, வெக்கமா இல்ல?"

அம்மா தேபெக் மலையூரில் தனியாக இருந்தாள். பனிக்காலம் வருமுன் முட்டைக்கோஸை உப்பும் மிளகாயும் சேர்த்து ஊறவைத்துக் கிம்ச்சி போட்டு மகனுக்கு அனுப்பிவிடுவாள். டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தருவது மரியாதை இல்லை. இன்சோப் ஆரஞ்சுகளை நிரப்பி, பெட்டியின் நடுவில் கருவியை வைத்து, கூரியரில் போட்டான். நேரில் கொண்டு போகலாமே என்று ஒரு எண்ணம் தலைகாட்டத்தான் செய்தது. வேலை இருக்கிறதே என்று தட்டிக் கழித்தான். அப்படித் தட்டிக் கழித்தே இரண்டு வருஷம் ஓடியிருந்தது.

பெட்டி வீடு சேர்ந்ததாகத் தகவல் வந்தது. திரையிலோ வீட்டுக்குள் இருக்கவேண்டிய சூடே இல்லை; வெப்பம் நான்கு டிகிரியைத் தாண்டவே இல்லை.

"கருவி மண்டையைப் போட்டுடுச்சு" என்று புலம்பினான். "இல்லேன்னா கூரியர்காரன் கிடங்குலயே போட்டுட்டுப் பொய் சொல்றான்." மறுநாள் கருவியைப் பார்த்து வாங்கக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள்; அதற்குள் தெரிந்தாக வேண்டும் என்று அம்மாவுக்குப் போன் போட்டான்.

"பெட்டி வந்துச்சாம்மா?"

"வந்தன்னைக்கே பிரிச்சுட்டேனே. பழம் நல்ல இனிப்பு. அந்த விளக்கைத் தலைமாட்டுல வச்சிருக்கேன்ப்பா. செவப்பா மினுங்கிக்கிட்டே இருக்கு. ராத்திரி முழிப்பு வந்தா, யாரோ கூட இருக்கிற மாதிரி இருக்கு."

இன்சோப் திரையைத் திரும்பிப் பார்த்தான். கருவி பழுதாகவில்லை. அந்த நான்கு டிகிரி, அம்மா படுத்திருக்கும் அறையின் குளிர்.

"தரையைச் சூடாக்குற பாய்லரைப் போடலையாம்மா?"

"ஒருத்திக்காக எதுக்குத் தரையெல்லாம் சூடாக்கணும்? கோட்டு போட்டுக்கிட்டுத்தான் படுக்கிறேன். நீ வந்தா போடலாம்னு இருக்கேன்."

இன்சோப் கார் சாவியை எடுத்தான்.

"நாளைக்குக் கம்பெனிக்காரங்க?" என்று பதறினாள் மிரான்.

"நீங்களே காட்டிடுங்க. கருவி நல்லாத்தான் வேலை செய்யுது."

அவனை வாசலில் கண்டதும் அம்மா சந்தோஷப்படவா செய்தாள்? திட்டினாள். "சொல்லிட்டு வரக்கூடாதாடா? வீடு ஜில்லுனு கிடக்கே!" என்று ஓடிப்போய்ப் பாய்லரைப் போட்டாள். தரை மெல்லச் சூடேறியது. தலைமாட்டு விளக்கு பச்சையானது.

"ஐயோ, கெட்டுப்போச்சா? செவப்பு போயிடுச்சே!"

இன்சோப் அவளுடைய சில்லிட்ட கைகளைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியது. "அது கெடலம்மா. பெத்தவ குளிர்ல கிடக்கிறது ஒரு பெட்டி சொல்லித்தான் மகனுக்குத் தெரியுதுன்னா, கெட்டுப்போனது நான்தான். சரக்கைக் கவனிக்கக் கருவி போதும். பெத்தவங்களைக் கவனிக்கப் பிள்ளைதான் நேர்ல வரணும்."

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இனிமே டப்பாவை நீயே கொண்டு வா. வெறும் டப்பாவா இருந்தாலும் பரவாயில்ல."