கெட்டிமேளத்துக்குள் ஒரு கண்ணாடி

ரிஃபத் காரைவிட்டு இறங்கியதுதான் தப்பு.

ஹாரிகா காருக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சீர்த்தட்டு தூக்க ஒரு ஆள் கொறையுதுங்க ரிஃபத், அஞ்சு நிமிஷம் வாங்களேன்" என்று அத்தனை கெஞ்சலாகக் கூப்பிட்டாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பக் நாய் கோகோ பின்சீட்டில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ரிஃபத் இறங்கிவிட்டாள்.

கரும்புக்கடை என்ற பகுதியில் இருக்கும் அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் ரிஃபத். விலங்கியல் பட்டம் வாங்கி, வளர்ப்பு நாய்களைப் பராமரிக்கும் கடையில் வேலை. ஹாரிகாவின் அண்ணன் கிஷனுக்கு இன்று கல்யாணம்; அவர்கள் வீட்டு நாய் கோகோவைப் பார்த்துக்கொள்ள ரிஃபத்தைக் கூலிக்கு அழைத்திருந்தார்கள். கோகோவுக்குப் பட்டுச்சட்டை மாட்டிப் போட்டோ எடுத்தாயிற்று. மண்டபத்துக்குள் நாய் ஆகாது என்று ஐயர் முகம் சுளித்ததும் காருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அஞ்சு நிமிஷம் அரைமணி நேரமாயிற்று. திரும்பி வந்தால், கார் நின்றிருந்த வேப்பமரத்தடியில் பெண்வீட்டார் பஸ் நிற்கிறது. கார் பின்பக்கப் பொட்டலில், சித்திரை வெயிலில், எஞ்சின் நின்று, பூட்டிக் கிடந்தது. கறுப்புக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். கோகோவின் நாக்கு நீலம் பாரித்துத் தொங்கியது. சப்பை மூக்கு நாய். மூச்சிரைத்துச் சூட்டைத் தள்ள அதற்கு வழியில்லை.

டிரைவர் நரசிம்மலு பந்தியில் இருந்தார்.

"பஸ்ஸுக்கு எடம் வேணும்னாங்க, நகத்திப்போட்டேன். சாவிய அம்மாகிட்டக் குடுத்துபோட்டனுங்களே. நாயி உங்ககூட இருக்குதுன்னுல்ல நெனச்சேன்?"

ஹாரிகா மணமேடைக்குக் கீழே நின்றிருந்தாள். "சாவி அம்மா கைப்பைல. கைப்பை ரூம்ல. ரூம் சாவி அம்மா இடுப்புல. அம்மா மேடைல."

"அப்ப கண்ணாடிய ஒடைக்கறேங்க."

"ஐயோ, முகூர்த்தத்துல கண்ணாடி ஒடையறதா? அப்படிச் சொல்லாதீங்க. தாலி ஏறட்டும். அஞ்சே நிமிஷம், ப்ளீஸ்ங்க."

ரிஃபத் மேடை ஓரம் போய்க் குனிந்து சாவி கேட்டாள். ஹாரிகாவின் அம்மா ராமாமணி கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, "சாப்புட்டீங்களா அம்மணி? கொஞ்சம் பொறுங்க கண்ணு" என்றார்.

யாராவது ஒருத்தர் எரிந்து விழுந்திருந்தால் ரிஃபத்தும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், கல்லைத் தூக்கியிருப்பாள். இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? நின்றாள். படித்ததெல்லாம் மண்டைக்குள் இருக்க, தட்டு தூக்க வந்தவளாகவே நின்றாள். ஆறு நிமிஷம். அதை அவள் யார் தலையிலும் கட்ட முடியாது.

அதற்குமேல் முடியாமல் ஓடினாள். செங்கல்லை ஓங்கியபோது கெட்டிமேளம் முழங்கியது. கண்ணாடி நொறுங்கிய சத்தம் ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

கோகோவை நிழலில் கிடத்தி, பந்தியிலிருந்து தண்ணீர் பாட்டில்களை அள்ளிவந்து வயிற்றிலும் பாதங்களிலும் ஊற்றினாள். இரண்டு தடவை மூச்சு வந்தது. மூன்றாவது வரவில்லை.

ஹாரிகா வந்து பார்த்துவிட்டு மண்ணில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். பின்னாலேயே வந்த ராமாமணி அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"பொண்ணூட்டுக்காரங்க பாத்தா நல்லாருக்காதுங்க அம்மணி. பின்பக்க கேட் வழியா கொண்டுபோயிருங்க. போறதுக்கு முந்தி ஒரு வாய் சாப்புட்டுப் போங்க கண்ணு."

"கொன்னுபோட்டு சோறு போடறயா?" என்றாள் ரிஃபத்.

ராமாமணியின் முகம் சிவந்தது. "ஏய்! யாரப் பாத்து என்ன பேச்சுப் பேசற? படிச்ச புள்ளையா நீ?" பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. நாய்க்காக ஒரு தடவை இப்படிக் கத்தியிருந்தால் நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள்.

ரிஃபத் கோகோவைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டு, பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த முன்வாசல் வழியாகவே நடந்தாள்.